அலையைப் பார்த்து விசில்

மே 22, வெள்ளி

வெயில். மலை உச்சியில் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்ததே தவிர ஒரு தூறல் இல்லை. குற்றாலம் மெயின் அருவியில் நூல் மாதிரி தண்ணீர். அதற்கும் கூட்டம். பெண்கள் பகுதியில் ஒரு ஓரத்தில் மட்டும் விழுகிறது. அந்த ஓரத்துக்கு வரிசை போட்டு நிற்க வைத்தேன். வெளியூர்க்காரி ஒருத்தி வந்து கேட்டாள், "எப்ப மேடம் ஃபுல்லா தொறந்து விடுவீங்க?" நான் என்ன மேலே குழாயா வைத்திருக்கிறேன்.

போலீஸ் ஷூ அடிப்பாகம் பிரிந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

மதியம் டூட்டியில் இருக்கும்போதே உடன்குடி அக்கா போன். சொர்ணம் அக்கா. என் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் முதலில் கட்டிய பகவதியின் அக்கா, செல்விக்குப் பெரியம்மா. பகவதி மஞ்சள் காமாலையில் போனபோது செல்விக்கு மூன்று வயது. நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது நாலாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு என்னைவிட உயரமாக நிற்கிறாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "கோமதி, பிள்ளைக்குத் திருச்செந்தூர் காலேஜ்ல எடம் கெடச்சிருக்காம்லா. அங்கனயே சேத்துவிடு. எங்கூட இருந்து படிக்கட்டும். நானும் ஒத்தையிலதான கெடக்கேன்."

"பார்ப்போம்க்கா" என்றேன். பார்ப்போம் என்றால் முடியாது என்று இந்த ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

குற்றாலத்துக் காலேஜிலும் இடம் கிடைத்திருக்கிறது. மேலகரத்திலிருந்து பஸ் ஏறினால் உட்காருவதற்குள் இறங்க வேண்டும். அங்கேயும் விலங்கியல்தான், இங்கேயும் விலங்கியல்தான். பிறகு எதற்குப் பிள்ளை கடல் பக்கம் போக வேண்டும்?

செல்வியிடம் கேட்டேன். (இனி செ. என்று எழுதுவேன். விரல் வலி.)

"உங்க இஷ்டம் சித்தி."

அவருக்குப் போன் போட்டேன். அசாமில் இருக்கிறார், பட்டாளம், சர்வீஸ் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி. "ஒனக்கு எப்படிப் படுதோ அப்படிச் செய்யி" என்றார்.

ஆள் ஆளுக்கு என் இஷ்டம் என்கிறார்கள். என் இஷ்டம் செ. என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது. அதை வாயைத் திறந்து சொன்னால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள். அதனால்தான் சொல்ல முடியவில்லை.


மே 23, சனி

மறுபடியும் வெயில். மாலை ஐந்து சொட்டு, கணக்கில் சேராது.

காலையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். செ. வந்து கதவில் சாய்ந்து நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வேண்டும், பேனா வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பிள்ளை என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதே கிடையாது.

"சித்தி, ஒருதடவ பெரியம்மா வீட்டுக்குப் போய்ட்டு வருவமா? முடிவு எதுனாலும் போய்ட்டு வந்து எடுக்கலாம்லா."

"போவோம்."

"போனா அந்தக் குகைக்கும் போணும்."

குகைக் கதை அவர் சொன்னது. மணப்பாட்டுக்குப் பக்கத்தில், கடலோரப் பாறைக்கு அடியில், அலை குடைந்து குடைந்து ஒரு குகை. பகவதியும் சொர்ணம் அக்காவும் சின்ன வயதில் லீவு நாளில் அங்கே போய் உள்ளே நின்று தங்கள் பெயரையே கத்துவார்களாம். அது திரும்பிக் கூப்பிடுமாம். செ. இதை எத்தனை முறை கேட்டு வாங்கியிருக்கிறாள் என்று அவரே ஒருநாள் சொன்னார். என்னிடம் கேட்டதில்லை. எனக்கு என்ன தெரியும், நான் வீரகேரளம்புதூர்க்காரி. வாய்க்கால் தெரியும், அருவி தெரியும், கடல் என்றால் திருச்செந்தூரில் காலை நனைத்ததோடு சரி.

சரி என்றேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. சீசன் தொடங்கிவிட்டால் கிடைக்காது.

எடுத்து வைக்க:
செ.க்கு இரண்டு செட் துணி
துண்டு 3
அக்காவுக்கு நேந்திரங்காய் வத்தல் (செங்கோட்டையிலிருந்து வந்த நல்ல வத்தல், பஜார் வத்தல் அல்ல)
மாத்திரை
நல்லெண்ணெய் பாட்டில்

எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு செ. சிரித்தாள். "கடலுக்கு யாராவது எண்ணெ தேச்சுட்டுப் போவாங்களா சித்தி?"

"தலை நனையுதுன்னா எண்ணெ வைக்கணும். அருவியா இருந்தா என்ன, கடலா இருந்தா என்ன."

"கடல்ல சோப்பு நொரையே வராது."

"அது சோப்போட பாடு."

சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

டூட்டி விசிலும் பையில் விழுந்துவிட்டது. பழக்கம். எடுத்து வெளியே வைக்கப் போனேன், பிறகு கிடக்கட்டும் என்று விட்டேன்.

எந்தச் சேலை என்று வெகுநேரம் யோசனை. பகவதி திதிக்கு வருஷா வருஷம் புதுச்சேலை வைத்துப் படைப்போம். படைத்த சேலையை வீட்டுப் பெண் உடுத்த வேண்டும். வீட்டுப் பெண் நான்தான். அவளுக்கென்று எடுத்ததை நான் கட்டிக்கொண்டு டூட்டி இல்லாத நாளெல்லாம் திரிகிறேன். போன வருஷத்துப் பச்சையை எடுத்து வைத்தேன். அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறோம், அவள் சேலையாக இருக்கட்டும்.


மே 24, ஞாயிறு, உடன்குடி

திருநெல்வேலி வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. செ. என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கும்போது மட்டும் சாய்வாள். தோள் மரத்துப்போனது, அசையவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவரும் செ.யும் வருவார்கள், நான் ஏதாவது டூட்டி சொல்லித் தப்பித்துவிடுவேன். செத்தவள் வீட்டில் போய் அவள் இடத்தில் எந்த முகத்தோடு உட்காருவது?

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சத்துணவு மையத்தில் அமைப்பாளர். வீட்டுக்காரரும் மகனும் பம்பாயில் கடை. மூட்டுவலி, நடை கொஞ்சம் சாய்வு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலையைத் தொட்டாள்.

"படைச்ச சேலையா?"

"ஆமாக்கா."

"பச்சைன்னா அவளுக்கு உசுரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது தண்ணீர்ச் செம்பும் கையில், கண்ணும் தண்ணீர். நான் செம்பை மட்டும் பார்த்தேன்.

கருப்பட்டிக் காப்பி. என் ஆயுசில் குடித்த நல்ல காப்பிகளில் ஒன்று.

பிறகு ஒரு அறையைத் திறந்து காட்டினாள். புதுக் கட்டில். ஜன்னல் பக்கம் மேஜை, நாற்காலி, மேஜை விளக்கு. விளக்கின் மேல் கடை அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் சரி சொல்லும் முன்பே எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "நல்லாருக்குக்கா" என்றேன், போலீஸ் குரலில்.

செ. ஒரு காரியம் செய்தாள். எங்கள் வீட்டில் நான் சமைக்கும்போது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள், போன் உண்டு தான் உண்டு. இங்கே அக்கா மீன் கழுவ, தேங்காய் அரைக்க, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பேசவும் இல்லை. அக்கா பேசுகிறாள், விலைவாசி, சத்துணவு முட்டை, பக்கத்து வீட்டு ஆடு, என்னென்னவோ. இவள் அக்கா வாயையே பார்த்துக்கொண்டு.

பொறாமை. வேறு பெயர் வைக்க ஒன்றும் இல்லை. தின்னும்போது மீன் முள் குத்தியது, அதுவும் சேர்ந்து கோபம்.

"நாளைக்கு வெள்ளன குகைக்குப் போவோம்" என்றாள் அக்கா. "கடலு ரெண்டு நாளா ஒரு மாதிரி கெடக்கு. பாத்துட்டுத்தான் எறங்கணும்."

"தண்ணிய நான் பாத்துக்கிடுதேன்க்கா, அதுதான என் பொழப்பே" என்றேன். சொன்ன வாயைத் தைக்க வேண்டும். ஏன் என்று அப்போது தெரியவில்லை. இந்த வரியை மறுநாள் சேர்த்தேன்.


மே 25, திங்கள், உடன்குடி, மதியம்

இடது மணிக்கட்டில் கட்டு. வலது கை நல்ல கை, அதனால் எழுத முடிகிறது. செ. நன்றாக இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டேன், இனி நிதானமாக எழுதலாம்.

காலை. மேக மூடாப்பு, காற்று. மணப்பாட்டுக்கு முன்னாலேயே ஆட்டோவை நிறுத்தி மணலில் நடந்தோம். மணல்பாறை ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று எழும்பிக்கொண்டே போய்க் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் குகை. வாய் அகலம் ஒரு பஸ் நுழையும். தூரத்திலிருந்து பார்த்தால் சும்மா ஒரு இருட்டு.

அக்காவுக்கு மூட்டு. மணலிலேயே நின்றுகொண்டாள். "கடலப் பாத்தே நில்லுங்க. நான் சொல்லும்போது போங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேன் என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் அலை குகை வாசல் வரை போய் அடித்துத் திரும்பியது. அப்புறம் சின்னச் சின்ன அலையாக வந்தது. வாசலுக்கு வராமலேயே திரும்பியது. நான் அருவியில் பார்ப்பது போலப் பார்த்தேன். வெள்ளம் இறங்கினால் இறங்கினதுதான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், குளிக்க விடலாம். மறுபடி கூடுவதாக இருந்தால் முதலில் சத்தம் மாறும், தண்ணீர் செம்மண் நிறமாகும், காய்ந்த இலை, சுள்ளி வந்து விழும். விசிலை எடுக்க நேரம் இருக்கும். இங்கே தண்ணீர் தெளிவு. இலை இல்லை, சுள்ளி இல்லை.

"கொறஞ்சிட்டு, வா" என்றேன். செ. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா செருப்பில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். "வாட்டி, நான் இருக்கம்லா" என்றேன்.

உள்ளே குளிர்ச்சி. காலுக்குக் கீழே உருண்டைக் கல்லும் மணலும். சுவர் முழுக்க வரி வரியாகக் குடைவு, தோசை மாவில் விரலை விட்டு இழுத்த மாதிரி. அலை செய்த வேலை. செ. உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். "சித்தி, இது வழவழன்னு இருக்கு. இது சொரசொரன்னு இருக்கு." நண்டுகள் ஓடின. உள்ளே தள்ளி, இடுப்புக்கு மேலே, ஒரு திண்டு மாதிரிப் பாறை.

நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? மேலே. கூரையில் சொட்டுச் சொட்டாக நீர். அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இருபது வருஷமாக நான் பார்க்கும் ஆபத்தெல்லாம் மேலேயிருந்துதான் வரும். தண்ணீர் என்றாலே என் கழுத்து தானாக மேலே போகும்.

செ. மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு, "செல்வி" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. சத்தமாகக் கத்தினாள். செல்வி என்று திரும்பி வந்தது. சிரித்தாள். "நீங்களும் கத்துங்க." நான் மாட்டேன் என்றேன். அவளே "கோமதி சித்தி" என்று கத்தினாள். என் பெயரை ஒரு பாறை சொல்லிக் கேட்டேன்.

அப்போது வெளியிலிருந்து அக்கா குரல். கூப்பிடுகிறாள். குகைக்குள் வந்து அது வேறு குரலாக, இளசாக, உருண்டு உருண்டு வந்தது. செ. அப்படியே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்தாள். "சித்தி, கேக்கீங்களா?" என்றாள், ரகசியம் சொல்வது போல. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். என்ன குரல், எவ்வளவு இதமான குரல் என்று நின்றோமே தவிர, என்ன சொல்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அக்கா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள், "வெளிய வாங்கட்டி, பெரிசு வருது" என்று.

வெளிச்சம் குறைந்தது. திரும்பினேன். வாசல் முழுக்கத் தண்ணீர்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். இடுப்பில் செருகி வந்திருந்த விசிலை எடுத்து ஊதினேன். அலையைப் பார்த்து. கூடவே இடது கையை நீட்டித் தள்ளிப் போ என்று காட்டினேன். இந்தியாவில் கடலுக்கு விசில் அடித்த ஒரே ஏட்டம்மா நான்தான்.

அடுத்தது அதைவிட மோசம். முதுகைக் காட்டித் திரும்பி, தலையைக் குனிந்து, கம்பியைத் தேடினேன். அருவியில் அப்படித்தான் நிற்க வேண்டும். தண்ணீர் முதுகில் விழும், கம்பியைப் பிடித்துக்கொண்டால் ஒன்றும் செய்யாது. இங்கே கம்பி ஏது. அலை முதுகில் விழவில்லை, காலை வாரிக்கொண்டு போனது. சுவரில் கை அடித்தது. வாயில் உப்பும் மணலும். விசில் போயிற்று, ஒரு செருப்பு போயிற்று.

சேலை முந்தானை இழுபட்டது. செ. பிடித்திருந்தாள். இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு. "மேல ஏறுங்க, திண்டுல ஏறுங்க" என்று கத்தினாள். என்னை அதட்டினாள். எப்படி ஏறினேன் என்று தெரியாது.

திண்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அடுத்தடுத்து வந்தது. காலை நனைத்துவிட்டுப் போகும், திரும்ப வரும். நான் நடுங்கினேன். செ.யும் நடுங்கினாள். அவளைப் பிடித்து இறுக்கி வைத்துக்கொண்டேன், அவள் விழித்திருக்கும்போதே. அவள் விலகவில்லை.

வெளியே அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செ. பதில் குரல் கொடுத்தாள், இரண்டு பேரும் நல்லா இருக்கோம் பெரியம்மா என்று. பிறகு என்னிடம்:

"சித்தி, அம்மா மொகம் போட்டோல இருக்கு. கொரல் எனக்கு ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்கு. பெரியம்மா பேசுறது அச்சு அசல் அம்மா மாதிரின்னு அப்பா சொன்னாக. அதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு."

அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"உங்கள விட்டுப் போணும்னு இல்ல. நான் கேட்டா நீங்க மனசு நொந்துருவீங்கன்னுதான் உங்க இஷ்டம்னேன்."

அடுப்படி முக்காலி இப்போதுதான் விளங்கியது. பொறாமைப்பட்டேனே, எதற்கு என்று. விலைவாசியும் பக்கத்து வீட்டு ஆடும் அல்ல, அந்தப் பிள்ளை தன் தாய் பேசிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷத்துக் கடன் காதுக்கு. அழுதேன். உப்புத் தண்ணீரோடு அதுவும் போகட்டும் என்று நன்றாக அழுதேன்.

"நொந்துக்கிடத்தான் செய்வேன்" என்றேன். "அதுக்காக நீ கேக்காம இருப்பியா?"

"சித்தி, இப்ப பேசாதீங்க, பெரியம்மா என்னமோ சொல்லுதாவ."

அக்கா முழங்கால் தண்ணீரில், வலிக்கிற காலோடு, வாசலுக்கு நேராக வந்து நின்றிருந்தாள். கையை உயர்த்தி வைத்திருந்தாள். இரண்டு பெரிய அலை போனது. கையை இறக்கினாள். "இப்ப வாங்க."

செ. இறங்கி என் நல்ல கையைப் பிடித்தாள். நான் இறங்கியதும் கழுத்து பழையபடி கூரைக்குப் போனது.

"மேல பாக்காதீங்க சித்தி. முன்னால பாருங்க."

முன்னால் பார்த்தேன். கடல் இருந்தது, அக்கா இருந்தாள். நடந்தோம்.

மணலுக்கு வந்ததும் அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். சும்மா இல்லை, நன்றாகவே. "ஒங்கிட்ட நில்லுன்னுதான சொன்னேன். இந்த வீட்டுல ஒருத்தியப் பறிகுடுத்தது போதாதா? நீயும் போணுமா?"

இந்த வீட்டில் ஒருத்தி. நீயும். அடி விழுந்த இடம் இன்னும் காந்துகிறது. யாராவது கேட்டால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவேன்.

வீட்டுக்கு வந்ததும் உப்புப் போக இரண்டு பேர் தலையிலும் என் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்து, வெந்நீர் ஊற்றினாள். எண்ணெய் வீணாகவில்லை. செ. பார்த்தாள், சிரித்தாள்.

பச்சைச் சேலை கிழிந்துவிட்டது. அக்கா தைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். தைப்பாளோ, வைத்துக்கொள்வாளோ.


மே 26, செவ்வாய்

ஊர் வந்தாயிற்று. மேலகரத்தில் காற்று மாறியிருக்கிறது. மேற்கே கருப்பு.

வழியில் ஆலங்குளத்தில் பஸ் நின்றது. டீ. செ.யிடம் சொன்னேன், "திருச்செந்தூர்லயே சேரு."

"நெசமாவா?"

"பட்டாளத்தான் மக, போலீஸ்காரி வளப்பு. சேருன்னா சேரு."

டீயைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். கண்டக்டர் நான்தான் ஏதோ திட்டிவிட்டேன் என்று முறைத்தான்.

நிபந்தனை போட்டேன். கடல் பக்கம் போகும் முன் எனக்குத் தகவல். போய் வந்த பின் தகவல். குகைக்குப் பெரியம்மா சொன்னால் மட்டும். ஸ்டேஷனில் சொல்வது போலச் சொன்னேன், அவளும் "சரிங்க ஏட்டம்மா" என்று சல்யூட் வைத்தாள், டீக்கடையில், எல்லார் முன்னாலும்.

அவருக்குப் போனில் சொன்னேன். கை ஏன் கட்டு என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றேன். பின்னாலிருந்து செ., "அப்பா, சித்தி கடலுக்கு விசிலடிச்சாக" என்று கத்தினாள். மனுஷர் அசாமில் அரை மணி நேரமாகச் சிரிக்கிறார்.

மாலை, ஆய்க்குடி முருகனுக்கு ஒரு அர்ச்சனை. யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டார். செல்வி, சொர்ணம் என்றேன். கொஞ்சம் யோசித்து, பகவதி என்றும் சொன்னேன். செத்தவள் பெயரைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நான் விளக்கவும் இல்லை.

ஷூ தைத்து வாங்கவில்லை. மறந்தே போனேன்.


ஜூன் 14, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. செ.யைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். குடை கிழிசல்.

கிளம்பும்போது அறையைப் பார்த்தேன். விளக்கில் கடை அட்டை அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவு உரிமை எனக்கு உண்டு.

அக்கா சேலையைக் கொடுத்தாள். தைத்திருக்கிறாள், தையல் தெரியவே இல்லை. கூட ஒரு புதுச்சேலை, மஞ்சள், பூ, கருப்பட்டி. "பெறந்த வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போவாதம்மா." வாங்கிக்கொண்டேன்.

பஸ் நகரும்போது செ. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். அக்காதான் பேசிக்கொண்டே வந்தாள், என்னவோ ஆட்டைப் பற்றி.

வீட்டில் மாவு பொங்கிக் கிடந்தது. இரண்டு பேருக்கு ஆட்டிவிட்டிருக்கிறேன். அடுப்படி வாசலில் யாரும் சாயவில்லை. வீடு பெரிதாகிவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்தாலும் நாலு தோசை சுட்டேன்.


ஜூன் 21, ஞாயிறு

நல்ல மழை. மலை தெரியவில்லை. ஐந்தருவியிலும் கூடுகிறது என்று வயர்லெஸ்.

தென்காசி பஜாரில் வாங்கிய புது விசில். சத்தம் போதவில்லை, கோழிக்குஞ்சு கத்துவது போல. பழசு கடலுக்குள் எங்கே கிடக்கிறதோ.

காலையில் தண்ணீர் நிறம் மாறியது. முதல் சுள்ளி விழுந்ததுமே எல்லாரையும் வெளியேற்றிவிட்டேன். வரமாட்டேன் என்று ஒருத்தி அடம். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு அஞ்சு நிமிஷம் விட மாட்டீங்களா?" என்றாள். கூட அவள் மகள், செ. வயது இருக்கும். "தண்ணி பெரிசு வருதும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அக்கா சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தைக் கயிறு கட்டி நிறுத்திவிட்டு ஓரமாக நிற்கும்போது போன் அதிர்ந்தது. செ. குரல் அனுப்பியிருந்தாள். ரெயின்கோட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டேன். அருவி இரைச்சலில் பாதி விழவில்லை, காதோடு வைத்து மறுபடி கேட்டேன். பின்னால் அக்கா யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். முன்னால் இவள்:

"சித்தி, தகவல் சொல்லுதேன். கடலுக்குப் போறோம், பெரியம்மா கூட வாராவ. குகைக்குள்ள போவல. அது நீங்க வந்தப்புறந்தான். அங்கன தண்ணி கூடிட்டுன்னு டிவில சொன்னான். நீங்க அங்கன மேல பாத்துக்கிட்டே நில்லுங்க. நான் இங்கன முன்னால பாத்துக்கிடுதேன்."

மேலே பார்த்தேன்.